மோசமான பாதை வேண்டும்

மே 11, ஞாயிறு

கொல்லிமலைக்கு வந்து சேரும்போது மாலை மூன்றரை. காலை ஆறு மணிக்கு ஈரோட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்று நான்கு நாளாகச் சொல்லியிருந்தேன். கிளம்பியது பத்தரைக்கு. காரணம் என் மச்சான் சென்னியப்பன், என் மனைவி பூங்கோதையின் அண்ணன். பத்திரம் எழுதுவது அவர் தொழில், எதையும் அவசரமாகச் செய்து பழக்கமில்லாதவர். கார் அவருடையது என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நாமக்கல்லில் ஒரு கடையில் முட்டைப் பரோட்டா பிரமாதமாக இருக்கும் என்று எல்லாரையும் இறக்கினார். அந்தக் கடை மூடி இரண்டு வருடம் ஆகிறதாம். அதைத் தெரிந்துகொள்ள முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இந்த நோட்டு என் மகள் கனிஷ்காவின் பயிற்சிக்காகப் போட்டது. ஏழாம் வகுப்பிலிருந்து அவள் மலைச் சைக்கிள் ஓட்டுகிறாள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எங்கே கியர் மாற்றினாள் என்று தினமும் எழுதிவந்தேன். இருபத்திரண்டு வருடமாக அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன், எழுதி வைக்காத பயிற்சி என் கணக்கில் பயிற்சியே இல்லை. போன நவம்பரில் மாவட்டப் போட்டியில் பிரேக்கைத் தப்பாகப் பிடித்து விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஓட்டலாம் என்று பிப்ரவரியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஓட்டவில்லை. சைக்கிள் ஆறு மாதமாக மாடிப்படிக்கு அடியில் நின்றது.

ஜூன் எட்டாம் தேதி மாநில அணித் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே அணியில் இடம் கிடைத்தால் கல்லூரிக்கு விளையாட்டு ஒதுக்கீடு நிச்சயம். பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கோச்சிடம் வரும் ஞாயிறு, பதினெட்டாம் தேதி மாலைக்குள் சொல்ல வேண்டும். அதற்குள் ஒரே ஒரு தடவை நல்ல மலைப் பாதையில் அவள் ஓட்டிவிட்டால் போதும், பயம் போய்விடும்.

அதற்காகத்தான் இந்த லீவுக்கு மலைக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். பூங்கோதைக்கு ஒரே சந்தோஷம். கார் மேலே சைக்கிளை ஏற்றிக் கட்டியபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. கனிஷ்கா, எதற்கு இது என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 12, திங்கள்

இந்த மலையில் யாரிடமும் வழி கேட்கக் கூடாது.

காலை ஆறு மணிக்கே நடந்து கிளம்பினேன். எனக்குத் தேவையானது பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் இறக்கம், கல், வேர், நாலைந்து கூர்மையான திருப்பம், வண்டி வராத இடம். மலை என்றால் இதுதானே இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் ரொம்ப அன்பாக, நேராகப் போய் இடது கைப்பக்கம் திரும்பினால் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள், வழுவழுவென்று இருக்கும் என்றார். தார் வேண்டாம், கல்லும் மண்ணுமாக மோசமான பாதை வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதெல்லாம் முன்பு இருந்தது, இப்போது இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்றார், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல.

அன்னாசிப் பழம் விற்கிறவர் சிமெண்ட் ரோட்டைக் காட்டினார். கறிக்கடைக்காரர் இன்னும் நல்ல சிமெண்ட் ரோட்டைக் காட்டினார். ஒருவர் தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் கூட்டிப்போய் ஒரு பாலத்தைக் காட்டி, போன வருடம் கட்டியது என்றார். அவர் வீட்டில் டீ குடிக்காமல் திரும்ப முடியவில்லை. தெரியாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஊருக்கு வந்தவனிடம் தெரியாது என்று சொல்வதும் மோசமான வழியில் அனுப்புவதும் மரியாதையில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். காட்டுக்குள் பாதை இருக்கிறது, ஆனால் அது காப்புக்காடு, நுழையக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். காப்பித் தோட்டத்தில் கேட்டுக்குப் பூட்டும் பூட்டுக்கு நாயும் இருந்தன.

அறைக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. அருவிக்குப் போகக் கிளம்பி மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். பூங்கோதை சத்தம் போடவில்லை. "லீவுக்கு வந்தது நாலு பேருன்னு நெனச்சனுங்க. மூணு பேருதானாட்ட இருக்குது" என்றாள்.

அருவிக்கு ஆயிரம் படி இறங்க வேண்டும். மச்சான் இருநூறாவது படியில் உட்கார்ந்து, அருவிச் சத்தம் இங்கேயே நன்றாகக் கேட்கிறது என்றார். நாங்களும் அங்கேயே நின்றுவிட்டோம், கனிஷ்கா மட்டும் அடிவரை இறங்கி ஏறிவந்துவிட்டாள். மூச்சு வாங்கவே இல்லை. போய் வர முப்பத்தொரு நிமிடம். யாருக்கும் தெரியாமல்தான் நேரம் பார்த்தேன். மேலே வந்தவள் முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். பிறகு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மே 13, செவ்வாய்

நாள் முழுக்க மழை. மச்சான் சீட்டுக்கட்டை எடுத்தார். ரம்மியில் ஏழு ஆட்டம் தோற்றேன்.

மே 14, புதன்

கிடைத்துவிட்டது.

யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன். மச்சானின் வெள்ளைக் காரை ஒரு மணி நேரத்துக்கு என்று கேட்டு வாங்கி, தார் ரோடு எங்கே முடிகிறதோ அங்கே போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். அப்படிப் போன மூன்றாவது ரோடு ஒரு பலா மரத்தடியில் முடிந்தது. அங்கிருந்து கீழே ஓடையோரம் தேன்கல்பட்டி என்று முப்பது வீடு உள்ள ஊருக்கு ஒரு பாதை இறங்குகிறது. அந்தக் காலத்தில் குதிரை மேல் மூட்டை ஏற்றிப் போன பாதையாம். கல் என்றால் அப்படி ஒரு கல். பலா வேர் குறுக்கே ஓடுகிறது. மழைத் தண்ணீர் நடுவில் அரித்து முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு அழகு.

பள்ளி மைதானம் அளக்கிற முப்பது மீட்டர் டேப் கையோடு இருந்தது. ஒரு முனையில் கல்லை வைத்துவிட்டு அளக்க ஆரம்பித்தேன். தலையில் ரேஷன் அரிசிப் பையோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று பார்த்தார். பையை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்து டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். பெயர் வெள்ளையம்மா, முப்பத்தைந்து வயது இருக்கும், அந்த ஊர் வார்டு மெம்பராம். இரண்டு அளவு முடிந்த பிறகு, "சாரு கவர்மெண்டுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கவர்மெண்ட் பள்ளிதானே, அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தம்மாள் கீழே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். பத்து நிமிடத்தில் ஊரே மேலே வந்துவிட்டது. ஒருவர் டேப் பிடித்தார், ஒருவர் எண்ணிக்கை சொன்னார், ஒருவர் எனக்குக் குடை பிடித்தார். மொத்தம் 1,410 மீட்டர். ஆறு திருப்பம். அதில் மூன்றாவது திருப்பம் தனி ரகம், இடுப்பளவு பாறை, அதிலிருந்து நேரே இறக்கம். வெள்ளையம்மா அந்த இடத்தில் நின்று யாருக்கோ இங்கேயே பிரசவம் ஆயிற்று, தூளியில் கட்டித் தூக்கிவரும்போது தாங்கவில்லை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாறையின் உயரத்தை எழுதும் அவசரம். ஒரு மீட்டர் பத்து.

நான்கு பேர் மடித்த காகிதம் கொடுத்தார்கள். மனு வாங்குவது என் வேலையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் டீ வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி வருகிறேன், அதுவரை பாதை இப்படியே இருக்க வேண்டும், யாரும் எதையும் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். எல்லாரும் சரிங்க சரிங்க என்று தலையாட்டினார்கள். இவ்வளவு ஒழுக்கமான ஜனங்களை என் பள்ளியில் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரம் என்று வாங்கிய காரை நாலரை மணி நேரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சானால் மட்டன் வாங்கப் போக முடியாமல் போனதாம். இரண்டு நாளைக்கு இதைச் சொல்லிக்காட்டுவார்.

மே 15, வியாழன்

கனிஷ்காவிடம் பாதையின் வீடியோவைக் காட்டினேன். வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினாள். மூன்றாவது திருப்பம் வந்ததும் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தாள். "இதுல வலது பக்கம் போனா மாட்டிக்குவோம். இடது ஓரமா அந்த வேரு மேல ஏறி எறங்கோணும்" என்றாள். ஆறு மாதத்தில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை இது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் சிரித்தது தப்போ என்னவோ.

நாளைக்குப் போகலாம், வெறுமனே பார்த்துவிட்டு வரலாம், ஓட்டச் சொல்ல மாட்டேன் என்றேன். ஓட்டச் சொல்ல மாட்டேன் என்றால் ஹெல்மெட் எதற்கு எடுத்து வைக்கிறீர்கள் என்று பூங்கோதை கேட்டாள். இவளுக்கு எல்லாம் கண்ணில் படும். விளையாட்டில் தாயார்கள் தலையிடுவதால் எத்தனை நல்ல பிள்ளைகள் வீணாகிப் போயிருக்கிறார்கள் என்று என் அனுபவத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவள் எழுந்து துணி மடிக்கப் போனாள். சாயங்காலம் வரை எதற்குமே பதில் சொல்லவில்லை.

நாலு மணிக்குக் கனிஷ்கா கீழே தோட்டத்தில் நின்றிருந்தாள். காப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டேன், காதில் விழவில்லை. சட்டைப் பையில் இருந்த விசிலை எடுத்துச் சின்னதாக ஒரு ஊதல்தான் ஊதினேன். அவள் கையில் இருந்த போன் கீழே விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொருளைக் கெட்டியாகப் பிடிக்கத் தெரியவில்லை.

மே 16, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு நான்கு பேரும் பலா மரத்தடிக்குப் போனோம். மச்சானும் வேடிக்கை பார்க்க வந்தார். கனிஷ்கா மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு பின் சீட்டில் இருந்தாள். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள், ஆனால் வந்தாள்.

மரத்தடியில் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தது. பூப்போட்ட துணி விரித்த மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சொம்பில் தண்ணீர், மூடி வைத்த சுண்டல், மிளகாய்ப் பொடி தூவிய அன்னாசித் துண்டுகள். துவைத்த துணி உடுத்திக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. யார் வீட்டிலாவது விசேஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாதையைப் பார்த்தேன்.

பாதை இல்லை. அதாவது என் பாதை இல்லை. கல்லையெல்லாம் பெயர்த்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அரித்த பள்ளத்தில் செம்மண் கொட்டி மிதித்துக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். வேரை வெட்டியாயிற்று, செடியைக் கழித்தாயிற்று. அந்த மூன்றாவது திருப்பத்துப் பாறையை எப்படி உருட்டினார்களோ, அதையும் காணவில்லை. இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு, மேலிருந்து ஓடைவரைக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள், தொடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன். வெள்ளையம்மாதான் நிதானமாகச் சொன்னார்: "தொடாதீங்கன்னு எல்லா ஆபீசருந்தான் சார் சொல்லுவாங்க. எனக்காக ஒண்ணும் செய்யாதீங்கம்பாங்க. செய்யாம விட்டா அப்புறம் மனசுல வச்சுக்குவாங்க."

எங்கள் பள்ளிக்கு அதிகாரி வருகிறார் என்றால் நானும் இதைத்தான் செய்கிறேன். எதுவும் வேண்டாம் என்று அவர்கள் சொன்ன வருடங்களில்தான் இரண்டு மூட்டை சுண்ணாம்பு அதிகமாக வாங்குவோம்.

நாற்பது பேர். புதன் மாலையிலிருந்து நேற்று இருட்டும்வரை, பலாக்காய் இறக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு இதைச் செய்திருக்கிறார்கள். சொல்லாமல் காரில் ஏறிப் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். கனிஷ்கா காரைவிட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். அதனால் சொன்னேன். நான் ரோடு போடும் ஆபீசர் இல்லை, ஈரோட்டில் பி.டி. மாஸ்டர், என்னால் உங்களுக்கு ஒரு கூடை ஜல்லிகூட வாங்கித்தர முடியாது என்றேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பின்னால் நின்ற ஒருவர் தோளில் இருந்த துண்டை உதறிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனார்கள்.

"அப்ப எதுக்கு சார் அளந்தீங்க?" என்று வெள்ளையம்மா கேட்டார்.

என் மகள் சைக்கிள் வீராங்கனை, பிரேக்கைத் தப்பாகப் பிடித்து விழுந்தாள், பயம் வந்துவிட்டது, மோசமான பாதையில் ஓட்டினால் சரியாகும் என்று விளக்கினேன். அந்தம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கனிஷ்காவைப் பார்த்து, "எப்படிக் கண்ணு விழுந்த?" என்று கேட்டார்.

ஆறு மாதத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. எனக்குத்தான் தெரியுமே, நான் எதற்குக் கேட்க வேண்டும்.

"பிரேக்கு தப்பு இல்லீங்கக்கா" என்றாள் கனிஷ்கா. "அந்தக் கல்லு எடத்துல எறங்கித் தள்ளிட்டுப் போலாம்னு இருந்தேன். தள்ளலாம், ரூல்லயே இருக்குது. அப்பா விசில் அடிச்சாரு. ஓட்டு, ஓட்டுன்னு கத்துனாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அதனால ஓட்டுனேன். கீழ கெடந்துக்கிட்டுப் பாக்கறேன், அப்பா வாட்சப் பாத்துட்டு நிக்கறாரு."

அழவில்லை. பரீட்சை முடிவைச் சொல்வதுபோலச் சொன்னாள். வெள்ளையம்மா அன்னாசித் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பூங்கோதை வேறு பக்கம் திரும்பி நின்றாள், இவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. நான் ஊராரைப் பார்த்து மன்னித்துவிடுங்கள் என்றேன். கும்பிட்டேன். மகள் பக்கம் திரும்ப முடியவில்லை.

செய்த சுண்டலை என்ன செய்வது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார் வெள்ளையம்மா. நாற்காலியில் உட்காரக் கூசியது, நின்றுகொண்டே சாப்பிட்டேன். அப்போது ஒருவர், ரோட்டு முனையில் நிறுத்தியிருந்த தன் மொபெட்டைத் தள்ளிவந்து, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்து இறக்கினார். கடைசித் திருப்பம்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடைப் பக்கத்திலிருந்து ஹாரன் சத்தம் கேட்டதும் பெண்கள் சிரித்தார்கள். அந்த ஊருக்குள் வண்டி போனது இதுதான் முதல் தடவையாம்.

மே 17, சனி

நவம்பர் 23. பதினான்கு நிமிடம், முப்பத்திரண்டு வினாடி. அவள் விழுந்தபோது வாட்சில் இருந்த நேரம். இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவளை நான் எப்படித் தூக்கினேன், என்ன சொல்லித் தூக்கினேன் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தூக்கினேனா என்பதே சந்தேகமாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

காலையில் மச்சான் தானாகவே, "மாப்ள, அந்த மனுவெல்லாம் எங்க வெச்சீங்க?" என்று கேட்டார். வாங்கிப் படித்துவிட்டு, நாலும் நாலு மாதிரி இருக்கிறது, இப்படிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள் என்றார். இருவரும் தேன்கல்பட்டிக்குப் போனோம். மச்சான் வெள்ளையம்மா வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பத்திரம் எழுதுகிற அதே கையெழுத்தில், எல்லை, நீளம், வீடுகளின் எண்ணிக்கை எல்லாம் விவரமாக ஒரே மனுவாக எழுதினார். அளவு நான் சொன்னேன். நான் செய்ததில் உபயோகமானது அது ஒன்றுதான். மூன்றாவது திருப்பத்தில் பிறந்த குழந்தைக்கு இப்போது எட்டு மாதம், அதையும் சேர்த்தார். துண்டை உதறிவிட்டுப் போனவரும் வந்து கைநாட்டு வைத்தார், என்னிடம் மட்டும் பேசவில்லை. அடுத்த மாதம் கலெக்டர் ஆபீசுக்கு அவர்கள் போகிற திங்கட்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மழை வந்தால் கொட்டிய மண் போய்விடும், அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

சாயங்காலம் கனிஷ்கா அறை வாசலில் போய் நின்றேன். பேச நிறைய யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. "கண்ணு, நான் வாட்சத்தான் பாத்தேன்" என்றேன். "தெரியும்ப்பா" என்றாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

கோச் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

மே 18, ஞாயிறு

ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் கார் மேல் சைக்கிள் இல்லை. ஹெல்மெட்டும் இல்லை. கனிஷ்காவும் இல்லை.

அவள் போனது பூங்கோதைக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே போயிருக்கிறாள் என்று கேட்டால், தெரியாது, உட்காருங்கள் என்கிறாள். அவள் போன் கட்டிலின் மேல் கிடக்கிறது. தெரியாத மலை, ஈர மண், ஆறு மாதமாக ஓட்டாத கை. மச்சானிடம் கார் சாவி கேட்டேன். அவர் குளிக்கப் போகும்போதும் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். கேட்டுக்கும் வாசலுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை இனிமேல்.

ஒன்பதரை வாக்கில் வந்தாள். முழங்கால்வரை சேறு. முழங்கையில் சிராய்ப்பு, கொஞ்சம் ரத்தம். கெண்டைக்காலில் செயின் கறுப்பு அப்பியிருந்தது. முகத்தைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் முதல் தடவை சைக்கிளில் கல்லுக் கரட்டில் இறங்கிவிட்டு வந்தபோது இருந்த முகம். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, சைக்கிளை மட்டும் வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.

"பாதை நல்லா இருந்துச்சுப்பா" என்றாள்.

எங்கே என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்."

ஏழு நாள் நாயாக அலைந்தவன் நான். இவள் விடிகாலையில் ஒருத்தியாகப் போய், யாரைக் கேட்டாளோ, எப்படிக் கண்டுபிடித்தாளோ, வந்து நிற்கிறாள். எத்தனை திருப்பம், எவ்வளவு இறக்கம், காப்புக்காடு இல்லையே, கல் இருந்ததா, எந்த இடத்தில் விழுந்தாள், நாக்கு நுனியில் முப்பது கேள்வி. அம்மா சிராய்ப்புக்கு மருந்து போடும்போது, "ஒரு எடத்துல எறங்கித் தள்ளிட்டுப் போனேன்" என்று அவளே சொன்னாள். நல்லது என்றேன். ஆறு இட்லி சாப்பிட்டாள்.

மூட்டை கட்டும்போது, கோச் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், பெயரைக் கொடுக்கட்டுமா வேண்டாமா, இரண்டில் நீ எதைச் சொன்னாலும் சரி என்று கேட்டேன். "குடுங்க, நானே பேசிக்கறேன்" என்று என் போனை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேசுவது தெரிந்தது, ஒரு தடவை தலையாட்டினாள், ஒரு தடவை சிரித்தாள். சேர்கிறேன் என்று சொல்லவும் சிரிக்கலாம், வேண்டாம் என்று சொல்லவும் சிரிக்கலாம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையை எடுக்கப் போய்விட்டாள்.

மலை இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கேள்வி வாய்வரை வந்தது. முன் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலை சுற்றுகிறதா என்று மச்சான் கேட்டார், ஆமாம் என்றேன். கோச்சையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. தொடவில்லை.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினார். கனிஷ்கா எனக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டுவந்து நீட்டினாள். "கேக்க மாட்டீங்களாப்பா?" என்றாள்.

"நீயாச் சொன்னாச் சொல்லு கண்ணு. இல்லாட்டி வேண்டாம்."

அப்புறம் என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்தாள். காருக்குள் ஏறும்போது முன்பக்கம் மாமாவோடு அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பின்னால் அவளோடு உட்கார வைத்துக்கொண்டாள். இப்போது தோளில் சாய்ந்து தூங்குகிறாள், கை ஆடாமல் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. நாமக்கல் தாண்டிவிட்டது. இன்னும் சொல்லவில்லை.